முதலில் வரும் திரை

கண்ணாடிக்கடைக்காரரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மாடிப்படியில். பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

“கொடுங்க, நான் பிடிக்கறேன்” என்றேன்.

“வேண்டாம் சார். நானே எறக்கிடுவேன்.”

சற்று முன்புதான் மேலே ஓட்டெடுப்பில் தோற்றிருந்தார்.

நாங்கள் ஏழெட்டுப் பேர். விடுமுறை நாட்களில் சைக்கிள் கடை மாடியில் கூடுவோம். பழைய கம்ப்யூட்டர்களில் ஓடும்படி, எல்லாமே தமிழில் வரும்படி விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் ஒரு லினக்ஸ் தொகுப்பைச் செய்து இணையத்தில் இலவசமாக விட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த முறை வெளியிடவிருந்த புதுப் பதிப்பில் இரண்டு டெஸ்க்டாப், அதாவது முகப்புத் திரைகள், இருந்தன. ஒன்று, எங்கள் டிசைனர் இழைத்து இழைத்துச் செய்தது. ஜன்னல்கள் மிதந்து வரும், ஓரத்தில் நிழல் விழும். இன்னொன்று மொட்டைச் சுவர் மாதிரி சாம்பல் நிறம். ஆனால் எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும். தெரிந்தவர்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். யாரும் எதையும் தொடாவிட்டால் முதலில் எது வரவேண்டும் என்பதுதான் ஓட்டு.

கண்ணாடிக்கடைக்காரர் தூக்கி வந்த பெட்டியில் அழகுத் திரையைப் போட்டுக் காட்டினார். அம்புக்குறி நடுவில் நின்றுவிட்டது.

“அண்ணே, உங்க ஆமை தூங்குதா, மூச்சே நின்னுடுச்சா?” என்றார் எங்களில் ஒருவரான வங்கிக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

“யோசிக்குதுங்க. வந்துடும். ஆனா இதை வெச்சு வேலை பார்க்க முடியாது. அந்தச் சாம்பல் திரையே முதல்ல வரட்டும்.”

டிசைனருக்குச் சுருக்கென்றது. “உங்க ஒரு பெட்டிக்காக ஊரே மொட்டைச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா? பார்த்ததுமே ஆள் மயங்கணும்ணே. உங்களுக்கு வேணும்னா நீங்க மாத்திக்கோங்க. ஒரே ஒரு வரி கட்டளை அடிக்கணும், அவ்வளவுதானே?”

“எனக்கு மாத்தத் தெரியுங்க. தெரியாதவங்க?”

“யாரையாவது கேப்பாங்க.”

“யாரை?”

“அட, விடுங்கண்ணே. கையைத் தூக்குங்கப்பா எல்லாரும்.”

அவர் கை ஒன்றைத் தவிர எல்லாக் கையும் அழகுக்கு உயர்ந்தது.

புதுப் பதிப்பு வெளியானது. பாராட்டு குவிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் அதன்பிறகு மாடி ஏறவில்லை.

“ஓட்டுல தோத்தா இப்படியா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது?” என்றார் டிசைனர். “போன் பண்ணா எப்பவும் பிஸி. வேணும்னே பண்றார்.”

“நேர்ல ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்றாள் என் மனைவி. அப்போது அவள் இருந்தாள்.

“கோபம் ஆறட்டும்” என்றேன்.

ஆறுவதற்குள் செய்தி வந்துவிட்டது. மாரடைப்பு.

துக்கம் கேட்க டிசைனரும் நானும் போனோம். கூடத்தில் மேசைமேல் புத்தம்புதுக் கம்ப்யூட்டர். அதில் டிசைனர் செய்த திரை, நிழலும் மினுக்கலுமாக.

டிசைனர் திகைத்துப்போய்க் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியிடம் கேட்டார். “அக்கா, அண்ணனோட பழைய பெட்டி ஒண்ணு இருந்ததே?”

“அதுவா? கடைக்கு எதிர்ல துணி தைக்கிற அம்மாவோடது தம்பி. உங்ககிட்ட காட்டணும்னு இரவல் வாங்கிட்டு வந்தார். இவரோடது இதுதான். நீங்க செஞ்ச திரைன்னா இவருக்கு உசிரு. வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.”

அப்போது மேசையில் இருந்த அவருடைய போன் அடித்தது. மனைவி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், கண்ணாடி வாங்கும்போது நம்பர் கொடுத்தீங்களே. புதுசு போட்டதிலேருந்து கம்ப்யூட்டர் அசையவே மாட்டேங்குது. எப்ப வந்து மாத்தித் தருவீங்க?”

போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: “புதுப் பதிப்பு வந்த நாளா இதே கதைதான். கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் ‘இதைப் போட்டுக்கோங்க, நல்லா இருக்கும்’னு அவர்தானே சொல்லி வெச்சிருந்தார்? அதனால நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே வீடு வீடாப் போய் மாத்திக் கொடுத்துட்டு வந்தார். வேண்டாங்கன்னா கேட்டாத்தானே? ‘வேற யாரைக் கேப்பாங்க’ன்னுட்டு செருப்பை மாட்டிக்குவார். நீங்களாவது இவங்களுக்கு வழி சொல்லுங்க தம்பி.”

“ஒரு வரிதான்க்கா. இருங்க, பார்த்துச் சொல்றேன்.”

டிசைனர் அவசரமாகப் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்தார்.

மொட்டைச் சுவர் மாதிரி சாம்பல் நிறத் திரை.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். “இதைத்தானே தம்பி அவர் உங்ககிட்ட கேட்டார்?”

“அது வந்து... வேலைன்னு உட்கார்ந்தா எனக்கு இதுதாங்க்கா வேகம்.”

 அந்த அம்மாள் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி, மாடியில் கூடுவதையே நிறுத்திவிட்டோம். கடைசியாக நாங்கள் வெளியிட்ட பதிப்பு இன்னும் இணையத்தில் கிடக்கிறது. போட்டால், முதலில் வருவது அழகான திரைதான்.