வெள்ளைப் பொறி

காந்தக்கட்டி ஒட்டாமல் வழுக்கி விழுகிறது. பட்டறை முதலாளி செங்கோடன் அதை எடுத்து இஞ்சினிலிருந்து கழற்றிய கனெக்டிங் ராடின்மேல் மறுபடியும் வைக்கிறார், மறுபடியும் விழுகிறது. இஞ்சினைப் பிரித்துப் போட்ட பந்தயக் காருக்குப் பக்கத்தில் ஃபிட்டர் கஸ்பார் முட்டி போட்டிருக்கிறான். தகரக்கூரையின் கொதிப்பில் அவன் முதுகில் வேர்வையும் கிரீஸும் கலந்து வழிகின்றன. "காந்தம் ஒட்டாத இரும்பு எங்கடா இருக்குது? அசல வித்துப்போட்டு அலுமினியத்த வெச்சுட்டயா?" என்கிறார் செங்கோடன்.

"மாதா மேல ஆணையா இல்லீங்க. இது டைட்டானியமாமுங்க, சீமைச் சாமான். காருக்கார ஐயா காத்தால சொன்னாருங்க."

"டைட்டானியமா? உங்க கோயில்ல அது எந்தப் புனிதர்டா?"

பட்டறையே சிரிக்கிறது. கஸ்பார் கும்பிடுகிறான். "சாணைக்கல்லுல நுனிய மட்டும் புடிச்சுப் பாருங்க. அலுமினியமா இருந்தா பொறி வராதுங்க."

கல் சுழல்கிறது. ராடு பட்டதும் கண் கூசும் வெள்ளையாகப் பொறி சீறிப் பூக்கிறது. கஸ்பாருக்கு மூச்சு திரும்புகிறது, எழுந்திருக்கப் பார்க்கிறான். ஆனால் செங்கோடன் கையை எடுக்கவில்லை. "தீவாளியாட்டம் இருக்குதுடா!" என்று இன்னும் அழுத்துகிறார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்க்க நெருங்குகிறார்கள். "போதுமுங்க முதலாளி, போதுமுங்க" என்ற கஸ்பாரின் குரல் கல்லின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

கல் நிற்கும்போது ராடின் நுனி வளையம் ஒரு பக்கம் பிறையாகத் தேய்ந்திருக்கிறது. வாசலில் காருக்காரரின் ஜீப் ஹாரன் அடிக்கிறது. செங்கோடன் ராடைப் பார்க்கிறார், கஸ்பாரைப் பார்க்கிறார். சூடு ஆறாத ராடை அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடுகிறார்.

"கல்லுல புடிக்கச் சொன்னவன் நீதான? நீயே கொண்டு போயிக் குடு, சாமி."