பிரேக் மிதிக்கிற கால்

பஸ் டிரைவர் பரிசோதனை மேசையின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலியில் அவர் மனைவி, அவருடைய சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். சுவர் விளக்கில் மாட்டிய ஸ்கேன் படத்தில், அவர் மூளைக்குள் சுண்ணாம்பு தெறித்ததுபோல் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா இருக்கலாம். நரம்பு மேல இருக்கிற உறை அரிச்சுக்கிட்டே போகும். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தும் பார்த்துடலாம்," என்கிறார் டாக்டர். டிரைவர் தன் வலது தொடையைத் தட்டிக் காட்டுகிறார். "இது பிரேக் மிதிக்கிற கால், டாக்டர். ஊரே இதை நம்பித்தான் ஏறுது," என்று சிரிக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லை. "கண்ணை மூடிக்கோங்க. குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க." அவர் நல்ல பிள்ளையாகக் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். குண்டூசி முனை பெருவிரலில் பதிகிறது, பிறகு உள்ளங்காலில், கணுக்காலில். பதிந்த இடமெல்லாம் தோல் குழிந்து எழுகிறது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மனைவியின் விரல்கள் சாக்ஸைப் பிசைகின்றன. டாக்டர் அவளைப் பார்க்கிறார். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். "ம், குத்துங்க டாக்டர்," என்கிறார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நான் எப்பவோ ரெடி."