தமிழ் ஜெபத்துக்கு வந்த ஒரே ஆளு

அந்த வெளிநாட்டுச் சர்ச் ஹால்ல, அன்னைக்கும் தமிழ் ஜெபத்துக்கு வந்தது அவன் ஒருத்தன்தான். மத்த தமிழ்க் குடும்பமெல்லாம் வேலை தேடி எப்பவோ வேற ஊருக்குப் போயிடுச்சு. சலவைக் கம்பெனியில மெஷின் சத்தத்தோட மல்லுக்கட்டுற அவன் மட்டும், ஒரு வாரம்கூடத் தவறாம வந்து கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்.

போதகர் காலி பெஞ்செல்லாம் தாண்டி வந்து பக்கத்துல உக்காந்தார். லீவு நாள்லதான் அவர் போதகர், மத்த நாள்ல பஸ் டிரைவர்.

"தம்பி, ஒருத்தருக்காக ஹால் தர மாட்டாங்களாம். தமிழ் ஜெபம் இன்னையோட சரி."

அவன் பதறிப்போய் எழுந்துட்டான். "ஐயோ, நிறுத்திடாதீங்கண்ணே!"

"உள்ளூர் பாஷையில நடக்குற ஜெபத்துக்கு வாங்களேன். சாமி ஒண்ணுதானே?"

"சாமிக்காக நான் வரலண்ணே." அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "நான் உங்க மதமே இல்ல. வாரம் பூரா என்கிட்ட தமிழ்ல பேச ஒரு ஆளு கிடையாது. தமிழைக் கேக்கத்தான் வந்தேன். மன்னிச்சிருங்க."

போதகர் சிரிச்சுட்டார். "மொத நாளே தெரியுமே! ஜெபம் முடிஞ்சு, பஸ் ரூட்டு மாறியிருக்குன்னு நான் அறிவிச்சதுக்கு, கையைக் கூப்பி 'ஆமென்'னு கத்தினது நீங்க ஒருத்தர்தான்."

அவனுக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. "தெரிஞ்சுமா எனக்காக இத்தனை நாள் நடத்தினீங்க?"

போதகருக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? ஹால் போனா போகுது. அடுத்த வாரம் என் ரூமுக்கு வருவீங்கல்ல? நீங்களும் வராட்டி, நான் யார்கிட்ட தம்பி தமிழ் பேசுவேன்?"