ரெண்டு பேர் படம்

ஊர்ச் சாதனைப் பெண்களை ஒரு கண்காட்சிக்காகக் காசு வாங்காமல் படமெடுக்கும் ரெஜினாவுக்கு, சுடுகாட்டில் பிணம் எரிக்கும் பவுனம்மாவிடம் ஒரு காலைப்பொழுதே போய்விட்டது.

“சிரிங்கக்கா.”

“சிரிச்ச படத்தைத்தான் கண்ணீர் அஞ்சலின்னு ஒட்டுறாங்க. தினம் பாக்குறேனே.”

“அப்ப சிரிக்காம நில்லுங்க.”

“தனியா நின்னா மாலை போட்டுருவாங்க தாயி. நீயும் வந்து நில்லு.”

பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவில் டைமரை வைத்துவிட்டு ஓடிய ரெஜினா சாம்பலில் வழுக்கினாள். பவுனம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கண்காட்சிக்காரர்களுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. ஓரத்தில் தடுமாறும் ரெஜினாவை மட்டும் வெட்டிவிட வேண்டுமாம். நாலு நாளாகக் கணினியில் வெட்டுக் கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறாள். நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, எங்கே வெட்டினாலும் பவுனம்மா தனியாகத்தானே நிற்பாள்?