கோழி வணக்கம்

"ஜெனரலுக்கு ஒரு சல்யூட் அடிச்சாப் போதும் டெல்பர்ட். மத்ததெல்லாம் வேணாம்டா" என்றார் ரூஃபஸ், மூன்றாவது தடவையாக.

டெல்பர்ட் காதில் வாங்கவில்லை. வறுத்த கெளுத்தி மீனின் எண்ணெயைக் கையிலிருந்து துடைத்துவிட்டு, விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். மேக்கன் நகர முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூடம் அன்று நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினராக வருவது ஓய்வுபெற்ற ஜெனரல் ஹாலோவே. கறுப்பினத்தவர், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அவ்வளவு உயரத்துக்குப் போனவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பேர்.

"சல்யூட்ட எவன் வேணா அடிப்பான். நம்ம வணக்கத்தைப் போட்டேன்னு வையி, மனுஷன் அசந்துருவாரு" என்றார் டெல்பர்ட்.

ரூஃபஸ் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது.

ஐம்பது வருடங்களுக்கு முன்னால் வெள்ளையரான டெல்பர்ட்டும் கறுப்பரான ரூஃபஸும் ஜெர்மனியில் ஒரே முகாமில் சிப்பாய்கள். கறுப்பரும் வெள்ளையரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மண்டையை உடைத்துக்கொண்ட காலம். மேலிடம் யோசித்து, இன நல்லிணக்க வகுப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டாய வகுப்பு. வராதவன் கக்கூஸ் கழுவ வேண்டும். ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் ஜோடி சேர்த்து, ஒருவர் பழக்கத்தை மற்றவர் கற்றுக்கொண்டு செய்துகாட்ட வேண்டும் என்றார்கள்.

டெல்பர்ட் தன் பங்குக்கு, சோள ரொட்டியை மோரில் ஊறவைத்துச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். ரூஃபஸ் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைத்தான் சாப்பிட்டுவந்தார்கள். இருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டி வைத்தார்.

பதிலுக்கு டெல்பர்ட் கேட்டது அந்தக் கைகுலுக்கலை. கறுப்புச் சிப்பாய்கள் இருவர் சந்தித்தால் முஷ்டியை முட்டி, உள்ளங்கையை உரசி, நெஞ்சைத் தட்டி, நீளமாக வணக்கம் வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு வரிசையே அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு முகாமிலும் அது ஒவ்வொரு தினுசு. ரூஃபஸுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. தங்களுக்கென்று இருந்ததே அது ஒன்றுதான், அதையும் வகுப்பு வைத்துப் பிடுங்குவார்களா என்று ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் முஷ்டியை முட்டு. இடது காதைச் சொறி. உன் பின்பக்கத்தை நீயே தட்டிக்கொள். கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, கோழி மாதிரி கொக்கரி.

டெல்பர்ட் அதைப் பயபக்தியோடு கற்றுக்கொண்டார். அதிகாரிகள் முன்னால் செய்துகாட்டி முதல் மார்க்கும் வாங்கினார். கையோடு வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். உண்மையைச் சொல்ல ரூஃபஸுக்குச் சமயம் கிடைக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு இதே கூடத்தில் மறுபடி சந்தித்தபோது டெல்பர்ட் ஓடிவந்து முஷ்டியை நீட்டினார். தோள்பட்டை வலி என்று ரூஃபஸ் சொல்லிவிட்டார். அந்தத் தோள்பட்டை இன்றுவரை குணமாகவில்லை.

"பெரிய மனுஷன் வர்ற இடம்டா. எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடும்" என்றார் ரூஃபஸ்.

"எதுடா அசிங்கம்?" டெல்பர்ட்டின் குரல் இறங்கியது. "எங்கப்பன் உங்காளுங்கள வாசப்படி ஏற விட்டதில்ல. அந்த வீட்டுல பொறந்தவன் நான். என்னை நம்பி உங்க வணக்கத்தைக் குடுத்த பாரு, என் வாழ்க்கையில நான் பெருமையா நெனைக்கிறது அது ஒண்ணத்தான்."

ரூஃபஸ் யோசித்தார். உண்மையைச் சொன்னால் இந்தக் கிழவனின் மனசு உடைந்துபோகும். சொல்லாவிட்டால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். ஊர் டெல்பர்ட்டைப் பார்த்துச் சிரிப்பதைவிட, தான் அவரிடம் திட்டு வாங்குவதே மேல் என்று முடிவுசெய்து, "டெல்பர்ட், அந்த வணக்கம் இருக்கே..." என்று வாயெடுத்தார்.

அதற்குள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெனரல் உள்ளே வந்துவிட்டார்.

டெல்பர்ட் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனார். முஷ்டியை நீட்டினார். காதைச் சொறிந்தார், பின்பக்கத்தைத் தட்டினார், எழுபது தாண்டிய உடம்பை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி உரக்கக் கொக்கரித்தார்.

ரூஃபஸ் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

இன்னொரு கொக்கரிப்பு கேட்டது. முதலில் கேட்டதைவிடச் சுத்தமாக இருந்தது.

கண்ணைத் திறந்தால், கொக்கரித்து முடித்துக் கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தவர் ஜெனரல். நேரே ரூஃபஸிடம் வந்து முஷ்டியை நீட்டினார். ரூஃபஸ் ஏதும் புரியாமல் முட்டினார், பின்பக்கத்தைத் தட்டினார், சுற்றப் போனார்.

"காதை விட்டுட்டீங்க" என்றார் ஜெனரல், முகத்தைச் சுளித்து. "நம்ம ஆளா இருந்துக்கிட்டு நம்ம வணக்கமே தெரியலையே. உங்க முகாம்ல அந்தக் கட்டாய வகுப்பு நடக்கலியா?"

"சார், இது உங்களுக்கு யாரு..." என்று இழுத்தார் ரூஃபஸ்.

ஜெனரல் டெல்பர்ட்டின் தோளில் மரியாதையாகக் கை வைத்தார்.

"இவருதான் எங்க வாத்தியாரு. முகாம் முகாமா வந்து, கறுப்பரு வெள்ளையருன்னு பாக்காம அத்தனை பேருக்கும் சொல்லிக் குடுத்தாரு. எங்கப்பாவுக்கே இது தெரியாது, லீவுல போய் நான்தான் கத்துக்குடுத்தேன். அந்தக் கோழியில மட்டும் நான் ரெண்டு தடவை ஃபெயில்."