டப்பாவில் நாலு வெண்டைக்காய்

"டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாதேன்னு, பழக்கதோஷத்துல நாலு வெண்டைக்காயைப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றான் கணவன் மகேந்திரன்.

தமயந்தி சட்டென எழுந்தாள். "யார் வீட்டு டப்பா?"

"எதிர்வீட்டு பர்வீன் அக்காவோடது. பெருநாளைக்குப் பாயசம் குடுத்தாங்கல்ல?"

பர்வீனின் கணவர் இலியாஸ் உணவுக் கண்காணிப்பு அதிகாரி. முத்திரை குத்திய பாக்கெட்டில் வராத எதையும் யாரும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். போன மாதம் மேல்மாடியில் ஒரு தொட்டிக் கீரை பிடிபட்டது. மறுநாளே அந்த வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

தமயந்தி முதன்முதலாக வளர்த்த செடி இது. குளியலறை ஜன்னலோரம், ஓட்டை வாளியில், தோழி ரகசியமாகக் கொடுத்த விதை. பாக்கெட்டில் வெண்டைக்காய் பொடியாகத்தான் வரும். முழுக் காயை அவள் பார்த்ததே இல்லை. இன்னும் பெரிதாகட்டும் என்று ஆசை ஆசையாகச் செடியிலேயே விட்டுவைத்திருந்தாள்.

"செடியைப் பிடுங்கு, சீக்கிரம்!"

அவன் வாளியைத் தொடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் சீருடையோடு இலியாஸ் நின்றார். கையில் ஒரு வெண்டைக்காய். உள்ளே வந்து அவரே கதவைத் தாழிட்டார்.

"இது உங்க வீட்டுல காய்ச்சதா?"

தமயந்தி ஆமென்று தலையை ஆட்டினாள்.

அவர் காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். அது ஒடியாமல் வளைந்தது.

"நல்லா முத்திப்போச்சேம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "நாங்கல்லாம் பிஞ்சுலயே பறிச்சுடுவோம்."