நடு வேகாத கல்

வெள்ளவத்தை ஃபிளாட்டில், சுண்ணாம்புச் சூளைக்குள் சூடு பரவும் விதத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டினார் பொறியியலாளர் ஜெகதீஸ்வரி. திரையில் சுண்ணாம்புக் கல் சிவந்தது; நடுப்பகுதி மட்டும் நீலமாகவே கிடந்தது.

"பாருங்கோ, நடு வேகேல்லை. சூளையை இடிச்சுத்தான் கட்டவேணும்."

சூளைக் கம்பனியின் புதிய மனேஜர் பேர்னாட்டுக்குக் கோபம் வந்தது. பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"முப்பது வருசமா எரியிற சூளை, மேடம்! இந்தப் படத்தைக் கீறினவர் லேசுப்பட்ட ஆளில்லை. கொம்பியூட்டரை நம்பி அவரைப் பிழை எண்டுறீங்களோ?"

"ஓம், பிழைதான். ஆருக்காகவும் ரிப்போர்ட்டை மாத்தமாட்டன்."

"அவர் பார்த்தால் சும்மா விடுவாரோ?"

ஜெகதீஸ்வரி அறிக்கையில் கையெழுத்திட்டு, அதை வரைபடத்தின் மூலையோடு சேர்த்து வைத்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"அவர் இல்லை, அவ. பார்த்திட்டா. சும்மா விடமாட்டா!"